டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எந்த வால்வு? மாற்று வடிவமைப்புகளை மதிப்பிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளும், இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரு புது வால்வை யோசித்துக்கொண்டு வரும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். பெரும்பாலும் வரைபடம் முதலில் வருகிறது. அந்த வால்வு எந்தக் குறையைத் தீர்க்கப்போகிறது என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போட முயல்கின்றன.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வே கிடையாது என்றுதானே படித்தோம்?

தனியாக ஒரு வால்வு இல்லை என்பதுதான் சரி. சிலிண்டர் சுவரில் வெட்டிய போர்ட்டுகளை, அதாவது துளைகளை, பிஸ்டனே மூடித் திறப்பதால், பிஸ்டன்தான் அங்கே வால்வாக வேலை செய்கிறது. ஆனால் தொடக்கம் முதலே அப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்ற என்ஜினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் கலவை நுழையும் வழியில் ஒரு தடுப்பு வால்வு இருந்தது. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஃபிரெடரிக் காக், மறு ஆண்டிலேயே அந்த வால்வை எடுத்துவிட்டு, பிஸ்டனின் அடிப்பாவாடையே இன்லெட்டைத் திறந்து மூடும்படி மூன்று போர்ட் அமைப்பைக் கொண்டுவந்தார். ஆகவே இன்று நாம் மாற்று என்று சொல்லும், அழுத்தத்தால் தானே வளைந்து திறக்கும் மெல்லிய தகடான ரீட் வால்வு, கருத்தளவில் பிஸ்டன் போர்ட் அமைப்பைவிட மூத்தது.

மாற்று வால்வு எந்தக் குறையைத் தீர்க்க வேண்டும்?

ஒன்றல்ல, இரண்டு குறைகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான திட்ட அறிக்கைகளின் அடிப்படைச் சிக்கல்.

பிஸ்டன் ஒரு போர்ட்டைத் திறக்கும்போது மேல் முனையிலிருந்தோ கீழ் முனையிலிருந்தோ எத்தனை பாகை தள்ளி இருந்ததோ, மூடும்போதும் அதே பாகையில்தான் மூட முடியும். இன்லெட் போர்ட் மேல் முனைக்கு 75 பாகை முன்னால் திறந்தால், 75 பாகை பின்னால்தான் மூடும். மேல் முனையைக் கடந்து பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் கதவு திறந்தே கிடப்பதால், மெதுவான ஓட்டத்தில் கிராங்க் கேஸுக்குள் வந்த கலவையின் ஒரு பகுதி கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பப்படுகிறது. இது முதல் குறை.

இரண்டாவது குறை மறுமுனையில் இருக்கிறது. புகை வெளியேறுவதற்காக எக்ஸாஸ்ட் போர்ட், கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கு முன்னால் திறந்தாக வேண்டும். அப்படியானால் அதற்குப் பின்னால்தான் மூடும். இடைப்பட்ட நேரத்தில், எரியாத புதுக் கலவை நேராக சைலன்சருக்குள் நழுவிவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த எளிய என்ஜின் முழு த்ராட்டிலில் ஓடும்போது உள்ளே வந்த கலவையில் கால் பங்கும் அதற்கு மேலும் இவ்வாறு வீணாவதுண்டு. பெட்ரோல் செலவும் நீலப் புகையின் நெடியும் பெரிதும் இங்கிருந்துதான் வருகின்றன.

இன்லெட் பக்கத்தில் எவ்வளவு அருமையான வால்வை வைத்தாலும் இரண்டாவது குறை தீராது. ரீட் வால்வு மாற்றிய வண்டி 'மைலேஜ் கூடியது' என்று ஒருவர் சொன்னால், அது திரும்பித் துப்புவது குறைந்ததால் வந்த சிறு ஆதாயம் என்றே கொள்ள வேண்டும்.

ரீட் வால்வை எப்படி மதிப்பிடுவது?

யமஹா ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 ஆகியவற்றின் வழியாக நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமான வால்வு இது. கிராங்க் கேஸில் அழுத்தம் குறையும்போது தகடு தானே வளைந்து திறக்கும்; அழுத்தம் ஏறும்போது தானே மூடும். திறக்கும், மூடும் பாகைகள் என்ஜினின் வேகத்துக்கும் த்ராட்டிலுக்கும் ஏற்பத் தாமாக மாறுகின்றன என்பதே இதன் பெரிய வலிமை.

இதன் எல்லையைத் தீர்மானிப்பது தகட்டின் இயல்பு அதிர்வெண். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட தகட்டுக்கு அந்த அதிர்வெண், தடிமனுக்கு நேர்விகிதத்திலும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 30 மி.மீ. நீளமும் 0.20 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகட்டுக்குக் கணக்கிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 180 அதிர்வுகள் வரும். அதே நீளத்தில் 0.43 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழைத் தகட்டுக்கு 250-ஐ ஒட்டி வரும். 7,500 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் என்ஜின் விநாடிக்கு 125 முறை தகட்டைத் திறக்கச் சொல்கிறது, 10,000 ஆர்.பி.எம். என்றால் 167 முறை. எஃகுத் தகடு முதல் வேகத்தைச் சமாளிக்கும். இரண்டாவதில் அதன் இயல்பு அதிர்வெண்ணும் என்ஜினின் தாளமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், தகடு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் படபடக்கத் தொடங்கும். மூடும்போது தான் வந்து அமரும் பரப்பில் மோதி முனை உடையவும் தொடங்கும்.

தடிமனைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் தடிமனைப் பத்து விழுக்காடு கூட்டினால் அதிர்வெண் பத்து விழுக்காடு ஏற, விறைப்போ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது, ஏனெனில் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பின்பற்றுவது. விறைத்த தகட்டைத் திறக்கக் குறைந்த வேகத்தில் கிராங்க் கேஸின் உறிஞ்சல் போதாது. வண்டி கீழ் ஆர்.பி.எம்.மில் மந்தமாகும். எனவே ரீட் வால்வின் மதிப்பீட்டு அறிக்கையில் அதிகபட்சத் திறனோடு, 3,000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் இழுவையும் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும். தகடுகளைத் தாங்கும் ரீட் கூடு கிராங்க் கேஸின் கனஅளவைக் கூட்டுகிறது. பிஸ்டன் மேல் முனையில் இருக்கும்போது கிராங்க் கேஸ் 280 சிசி, சிலிண்டர் 98 சிசி என்று வைத்தால் கிராங்க் கேஸின் அழுத்த விகிதம் 1.54. ரீட் கூடு 20 சிசி இடத்தைச் சேர்த்தால் அது 1.49-க்கு இறங்கும். எண்ணெயை ப்யூரெட்டில் ஊற்றி இந்தக் கனஅளவை அளப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, பலர் அளப்பதில்லை.

சர்க்யூட் போர்டு செய்யும் கண்ணாடி இழைத் தகட்டிலிருந்து ரீட் வெட்டிக்கொள்ளலாமா?

சோதனை மேடைக்கு வெட்டிக்கொள்ளலாம். மூலப்பொருள் ஒரே குடும்பம்தான். ஓரங்களைப் பொடித்தாளால் வழவழப்பாக்காவிட்டால் வெட்டு முனையிலிருந்து விரிசல் ஓடும். வெட்டும்போது பறக்கும் இழைத் தூசி மூச்சுக்குக் கேடு என்பதால் நனைத்துக்கொண்டு, முகமூடி அணிந்து வெட்டவும். உடைந்தால் எஃகுத் துண்டைவிட இது பிஸ்டனுக்கு இரக்கம் காட்டும்.

வெஸ்பாவில் ரீடும் இல்லை, பிஸ்டன் இன்லெட்டும் இல்லை. அது என்ன வகை?

1950-களின் கடைசியிலிருந்து வெஸ்பாவில் கிராங்க் ஷாஃப்ட்டின் எடைத்தட்டையே வால்வாகப் பயன்படுத்தினார்கள். தட்டின் விளிம்பில் வெட்டிய பகுதி இன்லெட் துளைக்கு நேராக வரும்போது வழி திறக்கும். திறப்பதும் மூடுவதும் வெவ்வேறு பாகைகளில் இருக்கலாம் என்பதால் முதல் குறை நேரடியாகத் தீர்கிறது. போட்டியாக ஓடிய லாம்பிரெட்டா, நம் நாட்டில் விஜய் சூப்பராக வந்த அதன் வாரிசு உட்பட, பிஸ்டன் போர்ட் வகையிலேயே நின்றது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்குக் கீழ் வேகத்து வேறுபாடு உடனே புலப்படும்.

இதன் பலவீனம் இடைவெளி. தட்டின் விளிம்புக்கும் கேஸின் பரப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் அடைப்பாக வேலை செய்கிறது. கோடையில் பாலாற்று மணல் பறக்கும் நம் சாலைகளில் ஏர் ஃபில்டர் கிழிந்த வண்டி ஓடினால், ஒரு மணல் துகள் அந்தப் பரப்பில் கோடு கிழித்துவிடும். அதன்பின் அங்கே அடைப்பு இருக்காது. ரீட் தகட்டைப் போல அதை வாங்கி மாற்றவும் முடியாது. தேய்ந்த வெஸ்பா கேஸ்களை ரீட் வால்வுக்கு மாற்றும் வழக்கம் உருவானதற்கு இதுவே காரணம்.

தனியாகச் சுழலும் டிஸ்க் வால்வு இப்போது வழக்கொழிந்துவிட்டதா?

சாலை வண்டிகளில் பெரும்பாலும் ஆம். திறனைப் பொறுத்தவரை அல்ல. கிழக்கு ஜெர்மனியின் எம்சட் நிறுவனத்தில் வால்ட்டர் காடன், மெல்லிய எஃகு டிஸ்க்கையும் அதிர்வலைகளைக் கணக்கிட்டு வடித்த சைலன்சரையும் இணைத்து, 1961-இல் 125 சிசி பந்தய என்ஜினிலிருந்து 25 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 200 என்ற அளவை எட்டினார். அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி சுசுகியில் சேர, அந்த அறிவும் ஜப்பானுக்குப் போனது. பல பத்தாண்டுகள் கழித்தும் அப்ரிலியாவின் 125 சிசி பந்தய என்ஜின் டிஸ்க் வால்வோடுதான் 50 குதிரைத்திறனைத் தாண்டியது. திறந்திருக்கும் வேளையில் பாதையில் குறுக்கே எதுவுமே இல்லை என்பது ரீட் வால்வால் ஈடுசெய்ய முடியாத வசதி.

ஆனால் டிஸ்க்கின் பாகைகள் நிலையானவை. 130 பாகை முன்னால் திறந்து 60 பாகை பின்னால் மூடும்படி வெட்டிய டிஸ்க், எல்லா வேகத்திலும் அப்படியேதான் நடக்கும். கார்புரேட்டரும் கிராங்கின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடும் பணிக்கு இது பொருந்தும். இலகு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 582 என்ஜினில் சுழல் வால்வு இடம்பெற்றது இதற்கு நல்ல சான்று.

இரண்டு வால்வுகளை நியாயமாக ஒப்பிட எந்த அளவு வேண்டும்?

போர்ட்டின் பரப்பளவை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். திறந்திருக்கும் பாகையை மட்டும் ஒப்பிட்டாலும் அப்படியே. பரப்பை அது திறந்திருக்கும் நேரத்தோடு பெருக்கிக் கூட்டி, சிலிண்டரின் கனஅளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே பொதுவான அளவுகோல். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கோர்டன் பிளேர் இதை டூ ஸ்ட்ரோக் வடிவமைப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் இதை நேரப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்எக்ஸ் 100-இன் துளையும் ஓட்டமும் 50 மி.மீ. வீதம். கணக்குக்காக, கனெக்டிங் ராடு 100 மி.மீ., எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் காலம் 160 பாகை, போர்ட்டின் அகலம் 32 மி.மீ. என்று கொள்வோம். மேல் முனைக்கு 100 பாகை பின்னால் பிஸ்டன் 32.4 மி.மீ. இறங்கியிருக்கும், ஆகவே போர்ட்டின் உயரம் 17.6 மி.மீ. பத்துப் பாகைக்கு ஒருமுறை திறந்த உயரத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 11.6 மி.மீ. வரும். சராசரிப் பரப்பு 371 சதுர மி.மீ. 7,500 ஆர்.பி.எம்.மில் 160 பாகையைக் கடக்க 3.56 மில்லி விநாடி ஆகிறது. பெருக்கி, 98.2 சிசியால் வகுத்தால் மீட்டருக்கு 0.0134 விநாடி. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். மூலைகளின் வளைவை இங்கே கழிக்கவில்லை. உண்மையான போர்ட்டில் சற்றுக் குறையும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் ஹெட்டை வால்வுகளோடு டூ ஸ்ட்ரோக்கில் பொருத்தினால்?

மாணவர்கள் அதிகம் கேட்பது இதுதான். டைமிங் செயினின் பல்சக்கரங்களை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் கேம் ஷாஃப்ட் கிராங்கின் வேகத்திலேயே சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வால்வு திறக்கும். பாகைகளை விரும்பியபடி வைக்கலாம் என்பதால் தாளில் இரண்டு குறைகளும் தீர்ந்துவிடுகின்றன.

எக்ஸாஸ்டுக்கு 19 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வால்வுகள், தூக்கம் (வால்வு எழும் உயரம்) 5 மி.மீ. என்று வைப்போம். முழுத் திறப்பில் கிடைக்கும் பரப்பு 597 சதுர மி.மீ.; முந்தைய போர்ட்டின் முழுத் திறப்பான 563-ஐவிட இது அதிகம். இதோடு நிறுத்திவிட்டு வெற்றி என்று எழுதிவிடுவோர் உண்டு. ஆனால் கேம் வால்வை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவதால் சராசரித் தூக்கம் ஏறத்தாழ பாதிதான். போர்ட்டிலோ சராசரித் திறப்பு மூன்றில் இரண்டு பங்கு. அதே 160 பாகைக்கு நேரப்பரப்பு, போர்ட்டைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்துவிடுகிறது.

அடுத்தது வால்வு படும் பாடு. 3.56 மில்லி விநாடியில் 5 மி.மீ. ஏறி இறங்கும் வால்வின் உச்ச முடுக்கம், எளிய அலை வடிவக் கேமுக்கு விநாடி வர்க்கத்துக்கு 7,800 மீட்டர் வரை போகிறது. புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 800 மடங்கு. அதே வேகத்தில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வுக்கு 250 பாகை அவகாசம் இருப்பதால், அங்கே வருவதைப் போல இது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. வலுவான ஸ்பிரிங் போட்டால் கேம் தேயும், உராய்வு கூடும். எக்ஸாஸ்ட் வால்வு ஆறுவதற்கும் இடைவேளை கிடைக்காது. இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டிலேயே அருகருகே இருந்தால், புதுக் கலவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் பாயாமல் தடுக்கத் தனி மறைப்பும் வேண்டும். டொயோட்டாவும் பிரிட்டனின் என்ஜின் ஆய்வு நிறுவனமான ரிக்கார்டோவும் 1980-களின் இறுதியில் இத்தகைய பாப்பெட் வால்வு டூ ஸ்ட்ரோக் என்ஜின்களைத் தீவிரமாக ஆராய்ந்தும் அவை சாலைக்கு வரவில்லை.

இதற்கும் மேலே, கிராங்க் கேஸ் பம்பை விட்டுவிட்டால் காற்றைத் தள்ள ஒரு புளோயர் வேண்டும். அது தின்னும் திறனைக் கழிக்காமல் கணக்குச் சொல்லக்கூடாது.

அப்படியானால் பாப்பெட் வால்வு டூ ஸ்ட்ரோக்குக்கு ஆகாதா?

மெதுவாக ஓடும் பெரிய என்ஜின்களில் அதுவே அரசன். காற்று கீழே சிலிண்டரைச் சுற்றியுள்ள போர்ட்டுகள் வழியாக நுழைந்து, புகை மேலே ஹெட்டிலுள்ள எக்ஸாஸ்ட் வால்வுகள் வழியாக வெளியேறும் ஒருவழிப் பாய்ச்சல் முறை அது. 1938-இல் வந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசை இந்த வகை. காட்பாடி சந்திப்பில் சரக்கு வண்டியோடு நின்று உறுமிய டபிள்யூடிஜி-4 டீசல் இன்ஜினைப் பார்த்தவர்கள் இந்த அமைப்பைக் கேட்டிருக்கிறார்கள் என்றே சொல்லலாம்: அதன் உள்ளே இருப்பது இஎம்டி 710 வரிசையின் 16 சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்ஜின், சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகள், 4,000 குதிரைத்திறன். அது முழு வேகத்திலும் 900 ஆர்.பி.எம்.மை ஒட்டித்தான் சுற்றுகிறது. முந்தைய பதிலின் முடுக்கக் கணக்கில் 7,500-க்குப் பதிலாக 900-ஐப் போட்டால் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகிவிடும். வால்வு பெரிது, தூக்கம் அதிகம் என்றாலும் தாங்கும். தவிர, அது டீசல். உள்ளே வருவது வெறும் காற்று. நழுவினாலும் எரிபொருள் போவதில்லை.

ஸ்லீவ் வால்வு?

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நகரும் ஓர் உறை, அதில் வெட்டிய துளைகள். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ரிக்கார்டோவின் ஆலோசனையோடு 26 லிட்டர் கொள்ளளவில் உருவாக்கிய கிரெசி விமான என்ஜின் 1941-இல் முதலில் ஓடியது. போர் முடிந்து ஜெட் என்ஜின் முந்திக்கொள்ள, 1945 இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. வேலூரின் லேத் பட்டறையில் செய்து பார்க்கத் தகுந்த வேலை அல்ல. உறையின் வட்டத் துல்லியமும் எண்ணெய்க் கட்டுப்பாடும் பெரிய ஆலைகளையே திணறடித்தவை.

எந்த வால்வும் சேர்க்காமலேயே இரண்டாவது குறையைத் தீர்க்க முடியுமா?

முடியும். ஒரே சிலிண்டரில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். ஒன்று எக்ஸாஸ்ட் போர்ட்டையும் மற்றொன்று இன்லெட் போர்ட்டையும் ஆளும். எக்ஸாஸ்ட் பக்கத்துக் கிராங்கைச் சில பாகைகள் முன்னால் ஓடவிட்டால், எக்ஸாஸ்ட் முன்னால் திறந்து முன்னால் மூடிக்கொள்ளும். ஜங்கர்ஸின் யூமோ 205 விமான டீசல், நேப்பியர் டெல்டிக் இரண்டும் இந்த வழி. நமக்கு அருகில், ஆவடியில் 1960-களிலிருந்து கட்டப்பட்ட விஜயந்தா டாங்கியில் இருந்த லேலண்ட் எல்60 என்ஜினும் எதிர்ப் பிஸ்டன் டூ ஸ்ட்ரோக்தான். கருத்து அழகானது, ஆனால் எல்60 என்ஜின் லைனர் கசிவு முதலிய தொல்லைகளுக்காகவும் பெயர் பெற்றது. கிராங்குகள் இரண்டு, அவற்றை இணைக்கும் பல்சக்கரங்கள், வெப்பத்தில் வெந்துகொண்டே இருக்கும் எக்ஸாஸ்ட் பிஸ்டன் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

யமஹாவின் பவர் வால்வு இவற்றில் எங்கே வருகிறது?

ஒய்பிவிஎஸ் எனப்படும் அது, எக்ஸாஸ்ட் போர்ட்டின் கூரையை வேகத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் உருளை. 1977-இல் பந்தயத்திலும் 1983-இல் ஆர்டி 350 சாலை வண்டியிலும் வந்தது; நம் நாட்டு ராஜ்தூத் 350-இல் அது இல்லை. திறப்பும் மூடலும் சமச்சீராகவே இருப்பதால் குறை ஒழியவில்லை, குறைந்த வேகத்தில் சுருங்குகிறது, அவ்வளவுதான். இருந்தாலும் பிஸ்டனையும் கிராங்கையும் தொடாமல், ஒரு கம்பியாலோ சிறு மோட்டாராலோ இயக்கக்கூடிய இதுதான் செலவுக்கு அதிகப் பலன் தரும் மாற்று என்பது என் கணிப்பு.

நழுவும் கலவையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே அளக்க முடியுமா?

விலையுயர்ந்த கருவி இல்லாமலே அளக்கலாம். கார்புரேட்டரைச் சற்று ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக வரும்படி, வைத்து ஓட்டினால், சிலிண்டருக்குள் சிக்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய முழுதும் எரிந்து தீர்ந்துவிடும். அதன் பிறகும் சைலன்சர் முனையில் ஆக்சிஜன் தெரிந்தால், அது எரியும் வாய்ப்பே கிடைக்காமல் நழுவி வந்த காற்றுடையது. புகைப் பரிசோதனை நிலையங்களில் இருக்கும் நான்கு வாயு அளவி போதும். ஆக்சிஜன் 6 விழுக்காடு காட்டினால், காற்றிலுள்ள 20.9-ஆல் வகுத்து, ஏறக்குறைய 29 விழுக்காடு நழுவியது என்று முதல் மதிப்பீடாகக் கொள்ளலாம். சைலன்சர் இணைப்பில் வெளிக்காற்று கசிந்தால் இந்த எண் முழுக்கப் பொய்யாகிவிடும். இணைப்புகளை முதலில் அடைக்கவும். எரியாமல் தவறும் சுற்றுகள் அதிகமுள்ள ஐடிலிங்கிலும் இந்த முறை செல்லாது.

என்ஜினை ஓட்டாமலே பாய்ச்சலின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால், டிரெஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் யான்டே 1960-களில் விவரித்த சோதனை இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, டிரான்ஸ்ஃபர் வழியே காற்றை ஊதி, சிலிண்டரின் வாயில் சீப்பு போல வரிசையாக வைத்த பிட்டாட் குழாய்களால் எங்கே எவ்வளவு வேகத்தில் காற்று எழுகிறது என்று அளப்பார்கள். எக்ஸாஸ்டுக்கு எதிர்ச் சுவரையொட்டி எழும் ஓட்டம் நல்லது. நடுவில் நாக்கு நீட்டியது போல் எழுவதும் எக்ஸாஸ்ட் பக்கமாகச் சாய்வதும் கெட்டது. நல்ல வால்வு போட்டும் நழுவல் குறையவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் கோணத்தில் இருப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

திறனுக்கு ஆய்வகத்தின் கயிற்று பிரேக் டைனமோமீட்டரே போதுமானது. ஆனால் சைலன்சர், கார்புரேட்டர் ஜெட், இக்னிஷன் பாகை மூன்றையும் மாற்றாமல் வால்வை மட்டும் மாற்றி ஒருமுறையும், புது வால்வுக்கேற்ப அம்மூன்றையும் சீராக்கி மறுமுறையும் அளக்க வேண்டும். முதல் அளவு வால்வின் தனி விளைவைச் சொல்லும். இரண்டாவது அதன் முழு ஆற்றலைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் எந்த வால்வையும் நல்லதாகவோ கெட்டதாகவோ காட்டிவிடலாம்.

வேலூர் வெயில் அளவீட்டைப் பாதிக்குமா?

நிச்சயமாக. கத்திரி வெயிலில் 42 டிகிரி செல்சியஸில் ஓடும் என்ஜினுக்கு, 25 டிகிரியில் கிடைப்பதைவிட ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் குறைவான காற்றே எடைக்கணக்கில் கிடைக்கிறது. பழைய வால்வை மார்கழிக் காலையிலும் புது வால்வை வைகாசி மதியத்திலும் சோதித்தால், நல்ல வால்வும் தோற்றுப்போகும். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் குறித்துத் திருத்தம் செய்யவும். அதைவிட, இரண்டையும் ஒரே காலையில் மாற்றி மாற்றி ஓட்டுவது மேல். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்ப்பது கீழ் வேக இழுவையை உணர நல்ல இடம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால், அந்த உணர்வை எண்ணாக எழுதக்கூடாது.

எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் செலுத்திவிட்டால் வால்வுப் பிரச்சினையே இல்லையே?

எக்ஸாஸ்ட் மூடிய பிறகு செலுத்தினால் நழுவுவது காற்று மட்டுமே. ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனம் காற்றோடு கலந்து தெளிக்கும் இஞ்செக்டரால் இதைச் செய்துகாட்டியது. பஜாஜ் தன் டூ ஸ்ட்ரோக் ஆட்டோவில் அந்த வழியைக் கையாண்டது. மாசு வரம்பு இருசக்கர வண்டிகளுக்கு 2005-இல் கிலோமீட்டருக்கு 1.5 கிராம், 2010-இல் 1.0 கிராம் என ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து இறுகியபோது, வால்வு மாற்றம் மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டப் போதுமானதாக இல்லை. இன்லெட் பக்கத்து வால்வின் தேவை இஞ்செக்டர் வந்தாலும் மாறாது. காற்றை உள்ளே விட ரீட் போன்ற ஒரு வால்வு அப்போதும் வேண்டும்.

மாற்றிய என்ஜினைச் சாலையில் ஓட்டலாமா?

தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சோதனை மேடையிலோ கல்லூரி வளாகத்திலோ மட்டும் ஓட்டவும்.

மூன்று மாத காலமும் சிறு தொகையும்தான் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

வயலில் மருந்து தெளிக்கும் முதுகுச் சுமை ஸ்பிரேயரின் பிஸ்டன் போர்ட் என்ஜின் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்குங்கள். அதன் கிராங்க் கேஸில் ரீட் கூடு ஒன்றைப் பொருத்தி, ஒரே நீளத்தில் மூன்று தடிமனுள்ள தகடுகளைச் சோதியுங்கள். ஒவ்வொன்றின் அதிர்வெண்ணை முதலில் கணக்கிட்டு எழுதிவையுங்கள். படபடப்பு எந்த ஆர்.பி.எம்.மில் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள். கூடவே சைலன்சர் முனையில் ஆக்சிஜனையும் அளந்தால், இன்லெட் வால்வு மாறியபோது நழுவல் மாறியதா இல்லையா என்பதற்கு உங்கள் கையிலேயே எண் இருக்கும்.